டீச்சர் பதில்கள்: பவுல் நடந்த ஊர்களில் பத்து நாள்

போன இதழில், எங்கள் சேகரத்திலிருந்து 31 பேர் பத்து நாள் கிரீஸ் போய்வந்ததைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் நடபடிகள் 16, 17, 18 ஆகிய மூன்று அதிகாரங்களைக் கையில் வைத்துக்கொண்டு, அப்போஸ்தலனாகிய பவுல் போன ஊர்களுக்கு அதே வரிசையில் போய், அங்கங்கே உட்கார்ந்து வாசித்து, பேசி, சண்டைகூடப் போட்டுவிட்டு வந்தோம். அந்த அரைப் பக்கத்துக்கு வந்த கடிதங்களைப் பார்த்துவிட்டு ஆசிரியர், "டீச்சர், இந்த மாதம் முழுக்க இதையே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார். வைத்துக்கொண்டேன்.

கேள்வி: டீச்சர், எங்கள் சபையிலும் கிளம்பப்போகிறோம். ஏஜென்ட் கொடுத்த திட்டத்தில் 8 நாளில் 11 ஊர் இருக்கிறது, பத்மு, எபேசு உட்பட. சரிவருமா? (பாளையங்கோட்டை வாசகர்)

வராது. ஏஜென்ட்டுக்குச் சரிவரும், உங்களுக்கு வராது. தூரத்தைக் கூட்டிப் பாருங்கள். தெசலோனிக்கேயிலிருந்து கவாலா, அதாவது நம் வேதாகமத்தின் நெயாப்போலி, 150 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து பிலிப்பி இன்னொரு 15. மறுபக்கம் பெரோயா, இப்போது வெரியா என்கிறார்கள், 70 சொச்சம். தெசலோனிக்கேயிலிருந்து ஏதென்ஸ் 500. ஏதென்ஸிலிருந்து கொரிந்து 80, டெல்பி 180. எல்லாம் நல்ல ரோடுதான், ஆனாலும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் நேரம் நேரம்தானே.

இதில் எபேசு இருப்பது துருக்கியில். அதற்கு விசா தனி, எல்லை தனி. வெளிப்படுத்தின விசேஷத்தில் வருகிற ஏழு சபைகளின் ஊர்களும் இன்றைய துருக்கியில்தான் இருக்கின்றன, அது இன்னொரு வருஷத்துக்கான பயணம். பத்மு கிரேக்கத் தீவுதான், ஆனால் அங்கே விமான நிலையம் கிடையாது, ஏதென்ஸ் பக்கத்துப் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து பல மணி நேரக் கப்பல். யோவான் தரிசனம் கண்டதாகச் சொல்லும் குகையும் 1088ல் தொடங்கிய மடமும் பார்க்க வேண்டியவைதான், மறுக்கவில்லை. ஆனால் ஓடிப்போய்ப் படம் பிடித்துக்கொண்டு ஓடிவருவதற்கு அவ்வளவு தூரம் எதற்கு?

என்னைக் கேட்டால் தெசலோனிக்கேயில் மூன்று ராத்திரி, ஏதென்ஸில் மூன்று ராத்திரி, நடுவில் மெத்தேயோரா பக்கத்தில் ஒன்று, டெல்பி பக்கத்தில் ஒன்று. பிலிப்பிக்கு ஒரு முழு நாள், கொரிந்துக்கு ஒரு முழு நாள், இந்த இரண்டில் மட்டும் கை வைக்க விடாதீர்கள். "ஷாப்பிங்" என்று திட்டத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்றும் பார்த்து அதை அடியுங்கள். எங்கள் பஸ்ஸை ஒரு மத்தியானம் தோல் சாமான் கடை வாசலில் ஒன்றரை மணி நேரம் நிறுத்தினார்கள். அன்றைக்கே கெங்கிரேயாவை ஜன்னல் வழியாக இரண்டு நிமிஷம் காட்டினார்கள். ரோமர் நிருபத்தைக் கொண்டுபோனவள் என்று பலரும் கருதுகிற பெபேயாளின் சபை இருந்த துறைமுகம் அது. பாதி கடலுக்குள் முழுகிக் கிடக்கிறது. கிட்டப் போய்ப் பார்க்கக் கட்டணமே கிடையாது. இன்னும் எனக்கு ஆறவில்லை.

கேள்வி: அங்கே காட்டுகிற இடங்களில் எது நிஜம், எது கதை? பவுல் நின்ற இடம் என்று எதையாவது உறுதியாகச் சொல்ல முடியுமா? (மதுரை வாசகர்)

நல்ல கேள்வி. கிளம்பும் முன்னால் எல்லாரும் இதைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் அங்கே வழிகாட்டி உண்மையைச் சொன்னதும் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது.

எனக்கு மிகவும் திடமாகத் தோன்றுவது கொரிந்து. ஊர் நடுச் சதுக்கத்தில் உயரமான கல்மேடை ஒன்றைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். ரோம அதிகாரி மக்கள் முன் நின்று பேசுகிற, வழக்குக் கேட்கிற மேடை. கல்லியோன் அகாயாவுக்கு அதிபதியாயிருந்தபோது யூதர்கள் பவுலை நியாயாசனத்துக்கு முன்பாகக் கொண்டுபோனார்கள் என்று 18ஆம் அதிகாரம் சொல்வது இதைத்தான் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். மேடைக்கு முன்னால் வெறும் தரையில் நின்று நிமிர்ந்து பார்த்தால், வழக்காடப்படுகிறவன் எவ்வளவு சின்னவனாகத் தெரிவான் என்று புரிகிறது. பின்னால் 575 மீட்டர் உயரத்தில் அக்ரோகொரிந்து மலை. மறுபக்கம் அப்பொல்லோ கோயிலின் ஏழு தூண்கள். பவுலின் காலத்திலேயே அந்தத் தூண்களுக்கு வயது அறுநூறு.

அதே ஊரில் நாடகக்கூடத்துக்குப் பக்கத்துத் தளக்கல்லில் ஒரு லத்தீன் எழுத்து இருக்கிறது, 1929ல் கிடைத்தது. தனக்குக் கிடைத்த நகரப் பதவிக்காக ஏரஸ்து என்பவன் சொந்தச் செலவில் இந்தத் தளத்தைப் போட்டான் என்பது விஷயம். ரோமர் 16ல் "பட்டணத்து உக்கிராணக்காரனாகிய" ஏரஸ்து வருகிறானே, அவன்தானா? ஆம் என்பவர்களும் உண்டு, பெயர் ஒற்றுமை மட்டும்தான், காலமும் பதவியும் சரியாகப் பொருந்தவில்லை என்பவர்களும் உண்டு. எங்கள் பஸ்ஸில் இதை வைத்து ஏதென்ஸ் வரைக்கும் வாக்குவாதம் நடந்தது. இப்படி ஒரு வாக்குவாதம் நடந்தால்தான் அது படிப்புப் பயணம்.

பிலிப்பியில் "பவுலின் சிறை" என்று காட்டுவது உண்மையில் ரோமர் காலத்துத் தண்ணீர்த் தொட்டி. பின்னால் வந்த கிறிஸ்தவர்கள் அதைச் சிறைச்சாலையாக நினைத்து வணங்கத் தொடங்கினார்கள். வெரியாவில் பவுல் பிரசங்கித்த படிகள் என்று மொசைக் ஓவியங்களுக்கு நடுவே வைத்திருப்பதும் ஊர்ப் பாரம்பரியம்தான். பிலிப்பியில் பவுல் பேசினதைக் கேட்டு விசுவாசித்த வியாபாரி லீதியாள் ஞானஸ்நானம் பெற்ற ஆறு என்று காட்டுகிற ஓடை ஊருக்கு வெளியே இருக்கிறது. வேதத்திலும் ஆறு பட்டணத்துக்குப் புறம்பேதான். எந்த வாசலுக்குப் புறம்பே, எந்த ஓடை என்பதில்தான் சண்டை.

ஏதென்ஸில் மார்ஸ் மேடை இன்னும் சுவாரசியம். அக்ரோபொலிஸுக்குக் கீழே இருக்கிற மொட்டைப் பாறையை அரியோபாகு என்கிறார்கள், அடிவாரத்தில் பவுலின் பிரசங்கத்தைக் கிரேக்கத்தில் பொறித்த வெண்கலப் பலகையும் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயர் பாறைக்கும் பெயர், அங்கே கூடின சபைக்கும் பெயர். பவுலின் காலத்தில் அந்தச் சபை கீழே சந்தைவெளியில் ஒரு மண்டபத்தில் கூடியிருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். நம் பழைய மொழிபெயர்ப்பு "மேடை" என்றது, பொது மொழிபெயர்ப்பு "மன்றம்" என்கிறது. ஒரே கிரேக்கச் சொல், நம்மிடம் இரண்டு ஊகங்கள். பாறையில் ஏறினால் மட்டும் பார்த்து ஏறுங்கள், காலங்காலமாக ஆட்கள் ஏறி ஏறிக் கல் எண்ணெய் தடவினது மாதிரி வழுக்குகிறது. பழைய படியை விட்டுவிட்டுப் பக்கத்து இரும்புப் படியில் போங்கள்.

தெசலோனிக்கேயைப் பற்றியும் ஒன்று. 17ஆம் அதிகாரத்தில் "பட்டணத்து அதிகாரிகள்" என்று நாம் வாசிக்கிற இடத்தில், அப்போஸ்தலர் நடபடிகளை எழுதின லூக்கா போட்டது "பொலித்தார்க்" என்ற சொல். பழைய கிரேக்க நூல்களில் அந்தச் சொல்லைக் காணோம், லூக்காவுக்கு விஷயம் தெரியவில்லை என்று ஒரு காலத்தில் குறை சொன்னார்கள். அப்புறம் அந்த ஊரின் வர்தார் வாசலில் இருந்த கல்வெட்டில் அதே பதவிப் பெயர் வந்தது, மக்கெதோனியாவின் மற்ற இடங்களிலும் வந்தது. லூக்கா அந்த ஊர் அதிகாரிகளை அந்த ஊர்க்காரர்கள் கூப்பிட்டபடியே கூப்பிட்டிருக்கிறார். வாசலை 19ஆம் நூற்றாண்டிலேயே இடித்துவிட்டார்கள், கல்வெட்டு லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில். தெசலோனிக்கேயில் தேடி அலையாதீர்கள், எங்களில் இரண்டு பேர் அலைந்தார்கள்.

கேள்வி: டெல்பி என்பது குறிசொல்லும் கோயில் இருந்த ஊர். பவுல் அங்கே போனதாக வேதத்தில் இல்லை. விசுவாசிகளை ஏன் அங்கே கூட்டிப்போக வேண்டும்? (பெயர், ஊர் இல்லை)

பவுல் போகவில்லை, ஆனால் பவுலின் தேதி அங்கேதான் இருக்கிறது. ரோமப் பேரரசர் கிலவுதியு ராயன் டெல்பி விஷயமாக எழுதின கடிதம் ஒன்று கல்லில் வெட்டப்பட்டு, உடைந்து, துண்டு துண்டாகக் கிடைத்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் துண்டுகளைச் சேர்த்து வாசித்தபோது அதில் கல்லியோனின் பெயர் இருந்தது, ராயன் எத்தனையாவது முறை வெற்றி வாழ்த்துப் பெற்றார் என்ற கணக்கும் இருந்தது. அதை வைத்துக் கடிதத்தின் வருஷம் கி.பி. 52 என்று வந்தது. அதிபதிப் பதவி பொதுவாக ஒரு வருஷத்துக்குத்தான். ஆகவே கல்லியோன் கொரிந்தில் இருந்தது 51, 52 வாக்கில். பவுலின் வாழ்க்கையில் மற்ற வருஷங்களையெல்லாம் இந்த ஒரு கல்லிலிருந்து முன்னும் பின்னும் எண்ணித்தான் போடுகிறார்கள். இந்தக் கல்லியோன் தத்துவஞானி செனெக்காவின் சொந்த அண்ணன் என்பது கூடுதல் செய்தி.

மியூசியத்தில் எல்லாரும் வெண்கலத் தேரோட்டி சிலைக்கு முன்னால் கூட்டமாக நிற்பார்கள். நீங்கள் வழிகாட்டியிடம் கல்லியோன் கல் எங்கே என்று கேளுங்கள், கேட்காவிட்டால் தாண்டிப் போய்விடுவீர்கள். பார்க்க ஒன்றுமில்லை, உடைந்த சாம்பல் நிறக் கல். நான் கால்மணி நேரம் நின்றேன்.

வெரியா பக்கத்தில் இருக்கிற வெர்கினாவுக்கும் இதே பதில். அங்கே 1977ல் மனோலிஸ் அந்த்ரோனிகோஸ் கண்டெடுத்த கல்லறை அலெக்சாந்தரின் தகப்பன் பிலிப்புவுடையது என்று சொல்கிறார்கள். பிலிப்பி என்ற ஊரே அந்தப் பிலிப்புவின் பெயரில்தான். மகன் கிழக்கே படையெடுத்துப் போகாவிட்டால் கிரேக்கம் அத்தனை நாட்டுக்கும் பொது மொழியாகியிருக்காது, பவுலும் கிரேக்கத்தில் எழுதியிருக்க மாட்டார். மெத்தேயோரா மட்டும் வேதாகமத்தோடு சம்பந்தமில்லாத இடம். பாறை உச்சி மடங்கள், 14ஆம் நூற்றாண்டிலிருந்து. போகிற வழியில் இருக்கிறது, கண்ணுக்கு நிறைவு. அதற்குமேல் அதற்கு நியாயம் தேட வேண்டாம்.

கேள்வி: எனக்கு 68 வயது, முட்டு வலி. வரலாமா? (மார்த்தாண்டம் வாசகி)

வரலாம் அக்கா, ஆனால் எல்லாவற்றிலும் ஏற வேண்டாம். அக்ரோபொலிஸில் மாற்றுத்திறனாளிகளுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் லிஃப்ட் வைத்திருக்கிறார்கள், முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். மார்ஸ் மேடையில் ஏறாதீர்கள், கீழே பலகை பக்கத்தில் நின்றே வாசிக்கலாம். மெத்தேயோராவில் பெரிய மடத்துக்கு நூற்றுக்கணக்கான படி, ஆனால் புனித ஸ்தேவான் கன்னியர் மடத்துக்குச் சின்னப் பாலம் வழியாக நேரே நடந்து உள்ளே போய்விடலாம். பிலிப்பியில் கரடுமுரடான கல்பாதை, பிடித்து நடக்க ஒரு கம்பு வேண்டும். ஜூலை, ஆகஸ்ட்டில் போகவே போகாதீர்கள். 2023லும் 2024லும் வெயில் தாங்காமல் அக்ரோபொலிஸையே மத்தியானத்தில் மூடினார்கள். ஏப்ரல், மே, அல்லது செப்டம்பர் கடைசி, அக்டோபர். செருப்பு வேண்டாம், ஷூ. சேலைக்கு ஷூ நன்றாயிருக்காது என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் அடம்பிடித்தார், இரண்டாம் நாள் கடையில் போய் வாங்கினார்.

மடங்களில் பெண்கள் பேன்ட் போடக்கூடாது, பாவாடை வேண்டும். சேலைக்கு ஒன்றும் சொல்லவில்லை. சுடிதார் போட்ட பிள்ளைகள் இருவருக்கு வாசலில் தொங்கின துணியைக் கொடுத்து இடுப்பில் கட்டச் சொன்னார்கள்.

கேள்வி: விசாவுக்கு என்ன வேண்டும்? அரசு மானியம் கிடைக்குமா? (தூத்துக்குடி வாசகர்)

மானியம் தமிழக அரசு தருவது எருசலேம் யாத்திரைக்கு, கிரீஸுக்கு அல்ல.

விசா ஷெங்கன் விசா. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி நிமிஷம் என்றால் 15 நாள் முன்பாவது. ஆனால் கும்பலாகப் போகிறவர்கள் இரண்டு மூன்று மாதம் முன்பே முடித்துவிடுங்கள். பாஸ்போர்ட் பத்து வருஷத்துக்குள் வாங்கினதாகவும், திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாகிறதாகவும் இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. கைரேகை ஒவ்வொருவரும் நேரில் போய்க் கொடுக்க வேண்டும், குருவானவர் எல்லாருக்கும் சேர்த்துக் கொடுக்க முடியாது (கேட்டிருக்கிறார்கள்!). ஓய்வூதியக்காரர்கள் பென்ஷன் புத்தகம், ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கிரீஸின் தொல்லியல் இடங்களில் விளக்கம் சொல்ல உரிமம் பெற்ற அந்த நாட்டு வழிகாட்டிக்குத்தான் அனுமதி. உங்கள் குருவானவர் வேதம் வாசிக்கலாம், மெதுவாக ஜெபிக்கலாம், ஆனால் அவரே வழிகாட்டியாகிவிடலாம் என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். நல்ல வழிகாட்டி கிடைப்பதில்தான் பாதிப் பயணம் இருக்கிறது. எங்களுக்கு வந்த பெண் தொல்லியல் படித்தவர், தெரியாததைத் தெரியாது என்று சொன்னார்.

கேள்வி: துண்டுப்பிரசுரம் கொண்டுபோய்க் கொடுக்கலாமா? பவுல் செய்ததைத்தானே செய்கிறோம்? (சென்னை, ஒரு தம்பி)

வேண்டாம் தம்பி. கிரீஸ் அரசியல் சாசனத்தின் 13ஆம் பிரிவு மதமாற்ற முயற்சியை வெளிப்படையாகத் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தில் தண்டிக்கப்பட்ட யெகோவாவின் சாட்சி ஒருவருக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1993ல் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது, இருந்தாலும் அந்த வரி சாசனத்தில் அப்படியே இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், நீங்கள் பிரசுரம் நீட்டப்போவது யாருக்கு? பிலிப்பி சபைக்குக் கடிதம் வந்த காலத்திலிருந்து கிறிஸ்தவர்கள் இருக்கிற தேசம். புதிய ஏற்பாட்டை மூல மொழியில் கோயிலில் வாசிக்கக் கேட்கிற ஜனம். கடைக்காரப் பாட்டிக்கு நாம் சொல்லிக் கொடுக்கப் போகிறோமாக்கும்.

கேள்வி: லீதியாள் ஞானஸ்நானம் பெற்ற ஆற்றில் நானும் மறுபடி முழுகி எடுக்க ஆசைப்படுகிறேன். செய்யலாமா? (நாகர்கோவில் வாசகி)

அந்த இடத்தில் ஓடைக்குள்ளேயே சிலுவை வடிவில் கரை கட்டி, சுற்றி உட்காரக் கல்படி போட்டு வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் 1974ல் கட்டின எண்கோண ஆலயம். கிரேக்கர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அங்கே ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். வெளிநாட்டுக் குழுக்களும் முழுகுகிறார்கள். செய்யலாமா என்பதை உங்கள் குருவானவரிடம் கேளுங்கள். ஒரு ஞானஸ்நானம் போதும் என்று சொல்லுகிற சபையில் வளர்ந்தவள் நான், என் பதில் உங்களுக்குத் தெரியும்.

நாங்கள் காலை மட்டும் நனைத்துக்கொண்டு அந்தக் கல்படியில் உட்கார்ந்து 16ஆம் அதிகாரத்தை வாசித்தோம். தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. "இரத்தாம்பரம் விற்கிறவள்" என்ற இடம் வந்ததும் எங்கள் ஊரில் துணிக்கடை வைத்திருக்கிற ஒரு அம்மா, "டீச்சர், அது அந்தக் காலத்தில் பணக்காரச் சரக்கு இல்லையா? அப்ப இவ பெரிய முதலாளி. வீட்டில் எத்தனை பேரைத் தங்க வைத்திருக்கிறாள் பாருங்க" என்றார். தியத்தீரா இன்றைய துருக்கியில். அங்கிருந்து கடல் தாண்டி வந்து கடை போட்ட பெண். அத்தனை வருஷம் ஞாயிறு பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், லீதியாளின் வியாபாரத்தைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை.

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கர். அங்கே எல்லாம் ஆர்த்தடாக்ஸ் கோயில்கள். நற்கருணை வாங்கலாமா? (திருச்சி வாசகர்)

வாங்க முடியாது, கத்தோலிக்கருக்கும் கிடையாது, எங்களுக்கும் கிடையாது. அவர்கள் சபையாருக்கு மட்டும்தான். முடிவில் ஆசீர்வதித்த அப்பத்துண்டு கொடுப்பார்கள், அது நற்கருணை அல்ல, பல இடங்களில் மற்றவர்களுக்கும் நீட்டுவார்கள். மெழுகுதிரி வாங்கிக் கொளுத்தலாம். படங்களை முத்தமிடுவது உங்கள் இஷ்டம், ஆனால் மற்றவர்கள் முத்தமிட வரிசையில் நிற்கும்போது நடுவில் போய் செல்ஃபி எடுக்காதீர்கள். ஈஸ்டர் தேதியும் பெரும்பாலும் வேறு. 2026ல் நமக்கு ஏப்ரல் 5, அவர்களுக்கு ஏப்ரல் 12. அவர்கள் பெரிய வெள்ளி ராத்திரியில் அங்கே இருக்க முடிந்தால் இருங்கள், பூவால் மூடின கிறிஸ்துவின் பாடையைத் தூக்கிக்கொண்டு ஊரே மெழுகுதிரியோடு தெருவில் போகும். ஆனால் ஈஸ்டர் ஞாயிறு தொல்லியல் இடங்கள் மூடியிருக்கும்.

கேள்வி: போவதற்கு முன் என்ன வாசிக்க வேண்டும்? (ஒரு வேதபாட வகுப்பு, கோயம்புத்தூர்)

இதற்குத்தான் காத்திருந்தேன். நிருபங்களை வாசியுங்கள், ஒவ்வொன்றையும் ஒரே மூச்சில், கடிதத்தை வாசிப்பது மாதிரி. மனப்பாட வசனமாக அல்ல. 1 தெசலோனிக்கேயர் அரைமணி நேரம்கூட ஆகாது, பவுல் எழுதி நமக்குக் கிடைத்தவற்றில் ஆகப் பழையது அதுதான் என்று பலர் சொல்கிறார்கள். கொரிந்திலிருந்து எழுதினது.

பிலிப்பியர் 3ல் "நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது" என்று வருகிறது. "குடியிருப்பு" என்ற இடத்தில் இருக்கிற கிரேக்கச் சொல்லுக்குக் குடியுரிமை என்றும் அர்த்தம். அந்த ஊருக்குப் போய் நின்றால்தான் அந்தச் சொல்லின் குத்தல் தெரியும். கி.மு. 42ல் சீசரைக் கொன்றவர்களை அந்தோனியும் ஒக்தாவியனும் தோற்கடித்த போர்க்களம் அது. போர் முடிந்ததும் ஓய்வுபெற்ற சிப்பாய்களுக்கு நிலம் கொடுத்து அதை ரோமக் குடியேற்றமாக்கினார்கள். கிரேக்க நாட்டு நடுவில் அந்தக் காலக் கல்வெட்டு பெரும்பாலும் லத்தீன். ரோமக் குடியுரிமைதான் அந்த ஊரின் பெருமையே, பவுலை அடித்த அதிகாரிகள் அவர் ரோமர் என்று கேட்டதும் பயந்தது அதனால்தான். அந்த ஊராருக்குத்தான் "உங்கள் குடியுரிமை வேறு இடத்தில்" என்று எழுதுகிறார். எக்னாத்தியா சாலையின் கல் இன்னும் அங்கே கிடக்கிறது. அட்ரியாட்டிக் கடலிலிருந்து கிழக்கே போன ரோமர் சாலை. இப்போது நம் பஸ் போகிற நெடுஞ்சாலைக்கும் எக்னாத்தியா என்றே பெயர்.

1 கொரிந்தியரை வாசிக்காமல் கொரிந்துக்குப் போகாதீர்கள். மியூசியத்தில் களிமண்ணில் செய்த கை, கால், காது என்று நிறைய இருக்கிறது. சுகம் கிடைத்தவர்கள், குணமாக்கும் தெய்வம் என்று கிரேக்கர் கும்பிட்ட அஸ்கிலேபியுவின் கோயிலுக்குக் காணிக்கையாகப் போட்டவை, வேளாங்கண்ணியில் வெள்ளித் தகட்டில் கை கால் வாங்கிப் போடுகிறோமே அதே மாதிரி. கண் கையைப் பார்த்து நீ வேண்டாம் என்று சொல்லக்கூடுமா என்ற 12ஆம் அதிகாரத்தை எழுதும்போது பவுலின் மனதில் இவை இருந்திருக்குமோ என்று சிலர் கேட்கிறார்கள். நிரூபிக்க முடியாது, ஆனால் அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று அந்த அதிகாரத்தை வாசித்தவர்களுக்கு மறக்காது. அந்தக் கோயிலை ஒட்டியே சாய்ந்து சாப்பிடத் திண்ணை போட்ட சாப்பாட்டு அறைகளையும் தோண்டி எடுத்திருக்கிறார்கள். விக்கிரகக் கோயிலில் பந்தியிருப்பது பற்றி 8ஆம் அதிகாரத்தில் அவ்வளவு நீளமாக ஏன் வாதாடுகிறார் என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். ஊரில் பெரிய மனிதர் விருந்து வைத்தால் அங்கேதான் கூப்பிடுவார், போகாவிட்டால் உறவு போய்விடும். நம் ஊரில் இந்தச் சங்கடம் தெரியாத கிறிஸ்தவர் யார்?

கேள்வி: பவுல் பேசின ஜெபஆலயத்தைத் தெசலோனிக்கேயில் பார்த்தீர்களா? (யாழ்ப்பாணம் வாசகர்)

இல்லை, அது கிடைக்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்டதால் ஒன்று சொல்ல வேண்டும். 17ஆம் அதிகாரத்தில் பவுலுக்கு விரோதமாய்க் கலகம் எழுப்பின அந்த ஊர் யூதர்களைப் பற்றி வாசித்துவிட்டு நாம் கொஞ்சம் கோபத்தோடே அங்கே இறங்குகிறோம். 1492ல் ஸ்பெயின் யூதர்களைத் துரத்தியபோது ஆயிரக்கணக்கானவர்கள் வந்து குடியேறி அந்தத் துறைமுகத்தையே தங்கள் ஊராக ஆக்கிக்கொண்டார்கள். 1943ல் ஜெர்மானியர் அவர்களில் 45,000 பேருக்கு மேல் ரயிலேற்றி ஆஷ்விட்சுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர்கள் மிகச் சிலர். இன்றைய பல்கலைக்கழகம் நிற்பது அவர்களுடைய பழைய கல்லறைத் தோட்டத்தின்மேல். கடற்கரைக்குப் பக்கத்தில் எலெப்தேரியாஸ் சதுக்கத்தில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது, பின்னிக் கிடக்கிற உடல்களே நெருப்புப்போல் எழுகிற மாதிரி. எங்கள் திட்டத்தில் அது இல்லை, வழிகாட்டிதான் நடத்திக் கூட்டிப்போனார். அங்கே யாரும் பேசவில்லை. அன்று ராத்திரி 17ஆம் அதிகாரத்தை மறுபடி வாசித்தபோது எங்கள் குரல் வேறு மாதிரி இருந்தது.

கேள்வி: இவ்வளவு பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்தால் என்ன? (பெயர் வேண்டாம் என்கிறார்)

கொடுக்கலாம். நான் போனது என் பென்ஷன் பணத்தில், ஆறு வருஷம் சேர்த்தது. அந்தக் கேள்வியை எங்கள் மகன் கார் வாங்கினபோது யாரும் கேட்கவில்லை. ஆனால் சபைப் பணத்திலோ, கடன் வாங்கியோ போகிறவர்களிடம் நீங்கள் கேட்பது நியாயம், நானும் உங்கள் பக்கம்.

கேள்வி: சாப்பாடு? (பலர்)

தயிர் இருக்கிறது, பிழைத்துக்கொள்ளலாம். பருப்பு சூப் கிடைக்கும், திராட்சை இலையில் சோறு சுருட்டித் தருவார்கள், ரிசோகலோ என்று பட்டை தூவின பால்சோறு நம் பாயசத்துக்குச் சித்தி மகள். ஊறுகாய் கொண்டுபோங்கள். கழிப்பறையில் காகிதத்தைக் குழியில் போடாதீர்கள், பக்கத்துக் கூடையில் போடச் சொல்லி எழுதியிருப்பார்கள். அங்கே குழாய் சின்னது, அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: எங்கள் புது ஆலய அஸ்திபாரத்தில் வைக்க பிலிப்பியிலிருந்து ஒரு கல் கொண்டுவர நினைக்கிறோம். (திருநெல்வேலிப் பக்கம் ஒரு சபைக் கமிட்டி)

கூடவே கூடாது. தொல்லியல் இடத்திலிருந்து கூழாங்கல் அளவுகூட எடுப்பது அங்கே குற்றம், ஏர்போர்ட்டில் பிடித்தால் அஸ்திபாரம் போடக் கமிட்டி இருக்காது.

எங்களில் ஒரு பெரியவர் கொரிந்தில் மூன்று கல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சற்று முன்னால்தான் நியாயாசனத்துக்கு முன் நின்று ஒரு கீர்த்தனை ஆரம்பித்தோம், காவல் பெண் விசில் ஊதி நிறுத்தியிருந்தார், பாடக் கூடாதாம். அதே பெண் தூரத்திலிருந்து பெரியவரையும் பார்த்திருக்கிறார். மறுபடி விசில். பெரியவர் ஒன்றும் தெரியாதவர்போல வானத்தைப் பார்த்தார். அந்தப் பெண் கிட்ட வந்து, பேசாமல், உள்ளங்கையை மட்டும் நீட்டினார். ஒரு கல். கை இறங்கவில்லை. இரண்டாவது கல். அப்படியே நின்றார். மூன்றாவதையும் கொடுத்த பிறகுதான் சிரித்தார், "எவ்ஹரிஸ்தோ" என்றார். நன்றி என்று அர்த்தம். கொரிந்துக்கு எழுதின முதல் கடிதத்தில் ஸ்தோத்திரம் செலுத்துகிறேன் என்று பவுல் ஆரம்பிக்கிற சொல்லும் அதுதான் என்று பஸ்ஸில் நான் சொன்னேன், பெரியவர் ஊர் வரும்வரை என்னோடு பேசவில்லை.